வரவும் இழப்பும் சமமானால் போதுமா?

லாபத்தையும் நஷ்டத்தையும் சமமாகக் கருதும்படி கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில் பகவான் அர்ஜுனனுக்கு உபதேசிக்கிறார். இவ்வுபதேசத்துக்குத் தவறான பொருள் கொள்வோர் இரு வகையினர். எது வந்தாலும் கல்லைப் போல் கிடப்பதே சமத்துவம் என்பர் சிலர். ஓரிடத்தில் இழந்தது மற்றோரிடத்தில் வந்து சேரும், கூட்டிக் கழித்தால் கணக்குச் சரியாகிவிடும் என்பர் வேறு சிலர். முதலாவது வெறும் உதாசீனம். அதைச் சான்றோர் பலமுறை கண்டித்துள்ளனர். இரண்டாவதே அதிகம் ஏமாற்றக்கூடியது. ஏனெனில், துயரத்தில் ஆழ்ந்தவனுக்கு ஆறுதலாகச் சொல்லப்படுவது பெரும்பாலும் அதுதான்.

கணக்குச் சரியாக இருப்பதும் சமநிலையும் ஒன்றுதானா? எதிர்பாராத ஓரிடத்திலிருந்து, ஒளியியலிலிருந்து, இதற்கு ஓர் உவமை கிடைக்கிறது. அத்துறையின் வரலாற்றில் ஓர் அத்தியாயம் பெங்களூரில் எழுதப்பட்டது.

சர் சி.வி.ராமன் 1948-இல் அந்நகரில் நிறுவிய ஆய்வு நிலையத்தில் அவருடைய சகோதரியின் மகன் எஸ்.பஞ்சரத்னம் படிகங்களை ஆராய்ந்து வந்தார். 1955-இல் அவருக்கு வயது 21. ஒளியைத் தன்னுள் உறிஞ்சிக்கொள்ளும் படிகங்களைப் பற்றிய அவருடைய கட்டுரைகள் அவ்வாண்டில் வெளிவந்தன. தெளிந்த படிகத்தினுள் புகும் ஒளி, அதிர்வின் திசைக்கேற்ப இரண்டாகி, இரு வேறு வேகங்களில் செல்வது வழக்கம். ஒளியச்சு எனப்படும் சில திசைகளில் மட்டும் அந்த வேற்றுமை மறையும். எவ்வித அதிர்வும் அங்கே மாறாமல் செல்லும். படிகம் ஒளியை உறிஞ்சுவதாகவும், அதையும் எல்லா அதிர்வுகளுக்கும் ஒரே அளவில் செய்யாததாகவும் இருந்தால் நிலைமை வேறு. ஒவ்வோர் அச்சும் இரண்டாகப் பிளக்கிறது. அப்புதிய திசைகளில் ஒரேயொரு வகை ஒளிதான் தன் இயல்பு மாறாமல் செல்லமுடியும்: ஒன்றில் வலஞ்சுழியாகச் சுழல்வது, மற்றதில் இடஞ்சுழியாகச் சுழல்வது. எதிர்ச்சுழி ஒளியை அனுப்பினால், உள்ளே செல்லச் செல்ல அது மற்றதன் இயல்பை ஏற்கத் தொடங்கும். இரண்டாக இருந்த நிலைகள் அங்கே ஒன்றாகிவிடுகின்றன. ஜெர்மானிய அறிஞர் ஃபோய்ட் 1902-இலேயே கண்ட இவ்வச்சுகளின் தன்மையைப் பஞ்சரத்னம் தெளிவாக விளக்கினார். 1969-இல், 35 வயதில், அவர் காலமானார். பிற்காலத்தில் உலகம் அவரை நினைவுகூர்ந்தது பெரும்பாலும் அவருடைய வேறொரு கண்டுபிடிப்பிற்காகவே.

பஞ்சரத்னத்தின் படிகத்தில் இருந்தது இழப்பு மட்டுமே. இழப்பின் பக்கத்தில் அதே அளவு பெருக்கத்தையும் வைத்தால் என்ன ஆகும் என்ற கேள்வியை 2007-க்குப் பின் ஒளியியலாளர்கள் தீவிரமாக ஆராய்ந்தனர். இரண்டு மெல்லிய ஒளிப்பாதைகள் அருகருகே உள்ளன. ஒன்றில் செல்லும் ஒளி பெருகுகிறது. மற்றதில் அதே வீதத்தில் குறைகிறது. நெருங்கியிருப்பதால் ஒன்றிலுள்ள ஒளி மற்றதனுள் கசிந்து செல்லவும் முடியும். வரவும் இழப்பும் சமம். ஆகவே எல்லாம் நன்றாகவே நடக்கும் என்று தோன்றும். அப்படி நடப்பதில்லை. கசிவு வலுவாக இருந்தால் ஒளி இரு பாதைகளிலும் மாறி மாறிக் கூடிக் குறையும். எல்லை மீறிப் பெருகாது, அணைந்தும் போகாது. அதே கசிவு ஓர் அளவுக்குக் கீழே இறங்கிவிட்டால், பெருகும் பாதையில் ஒளி குவிந்து வளர்ந்துகொண்டே போகிறது. மற்றதில் குவிந்தது தேய்ந்து மறைகிறது. இரண்டுக்கும் இடைப்பட்ட எல்லையில், பஞ்சரத்னம் படிகத்தில் கண்டதைப் போலவே, இரு நிலைகள் ஒன்றாகிவிடுகின்றன. 2010-இல் லித்தியம் நயோபேட் படிகத்தில் இதைச் சோதித்தும் காட்டினர்.

வரவும் மாறவில்லை, இழப்பும் மாறவில்லை. இடையிலிருந்த போக்குவரத்துதான் குறைந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஓசூர்ப் பக்கத்துக் குடும்பம் ஒன்றைக் கற்பனை செய்யலாம். மூத்தவர் பெங்களூரில் நன்கு சம்பாதிக்கிறார். இளையவர் மழை பொய்த்த நிலத்தோடு போராடுகிறார். வெளியிலிருந்து பார்ப்பவர், ஒருவருக்குப் போனது மற்றவருக்கு வந்திருக்கிறது, குடும்பத்துக்கு ஒன்றும் குறைவில்லை என்கிறார். மாதந்தோறும் ஊருக்கு வந்துகொண்டிருந்த மூத்தவர் தீபாவளிக்கு மட்டும் வரத் தொடங்குகிறார். பிறகு தொலைபேசியோடு சரி. எந்த மாதத்தில் அந்தக் குடும்பம் எல்லையைக் கடந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. கணக்கு மட்டும் இன்னமும் சரியாகவே இருக்கிறது! நாட்டின் சராசரி வருமானத்தைக் காட்டி ஏழையைத் தேற்றுவதும் இத்தகையதே.

உறவைத் தளர்த்தச் சொல்வதல்லவா ஆன்மிகம் என்று சாதகர் ஒருவர் இங்கே கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். பற்று என்பது வந்ததை 'என்னுடையது' என்று தேக்கி வைப்பது. ஒளிப்பாதையின் மொழியில், கசியவிடாமல் சுவர் எழுப்புவது. பற்று தளரும்போது சுவர் மெலிகிறது. பிறர் துன்பம் உள்ளே வரவும், தன்னிடம் உள்ளது வெளியே செல்லவும் அப்போதுதான் வழி உண்டாகிறது. எதுவும் நுழையாதபடி தன்னை அடைத்துக்கொண்டவனின் அமைதியைக் கீதை சொல்லும் சமத்துவம் என்று கொள்வதற்கில்லை. படிகத்தைக் காட்டி வேதாந்தத்தை நிரூபிக்க முற்படுவது இரண்டுக்குமே இழுக்கு என்பது வேறு விஷயம். உவமை கண்ணைத் திறந்துவிட்டால் அதன் வேலை முடிந்தது.

இமயத்திலும் திபெத்திலும் ஆண்டுக்கணக்கில் சுற்றியவர் சுவாமி அகண்டானந்தர். தமக்கென வரவோ இழப்போ இல்லாத அத்துறவி 1897-இல் வங்காளத்தின் முர்ஷிதாபாத் மாவட்டத்தில் பஞ்சத்தால் வாடும் மக்களைக் கண்டார். அவரால் கடந்து செல்ல இயலவில்லை. அங்கேயே தங்கி நிவாரணப் பணியைத் தொடங்கினார். பின்னர் அம்மாவட்டத்திலேயே அனாதைக் குழந்தைகளுக்கு ஓர் இல்லமும் அமைத்தார்.