மாடு வளர்த்தல் நல்லாஜீவமாகுமா?

தம்மம் தழுவிய குடும்பங்களிற் பிறந்து கல்லூரிப் படிப்பை முடித்த இளைஞர் சிலர் நம்மிடம் ஒரு கேள்வி கேட்கின்றனர். “பால் பண்ணை வைக்கலாமா? பண்ணை மேலாளராக வாழ்நாளைச் செலவிடலாமா? அது சம்மா ஆஜீவம் ஆகுமா?” என்பதே அக்கேள்வி. கேட்பவர் பிழைப்புத் தேடுபவர். ஆதலின் மழுப்பாமல் விடை கூறக் கடமைப்பட்டுள்ளோம்.

முதலில் எழும் தடை வெட்கம். நம் பாட்டன்மாரிற் பலருக்கு உயிருள்ள மாட்டை வைத்துக்கொள்ள நிலமுமில்லை, மேய்ச்சலுமில்லை. ஊராரின் செத்த மாட்டை இழுத்துச் செல்லும் கட்டாயமே இருந்தது. அண்ணல் அம்பேத்கர் 1927-ம் ஆண்டு மகாட் மாநாட்டில் செத்த மாட்டிறைச்சியைக் கைவிடுமாறு கூறியது அவ்விழிவை அறுக்கவேயாம். “மீண்டும் மாட்டுத் தொழுவத்துக்கா?” என்று முதியோர் முகஞ்சுளிப்பதில் வியப்பில்லை. ஆயினும் இழிவு கட்டாயத்தில் இருந்தது, மாட்டில் இல்லை. தானே தேர்ந்து, முறையாகக் கற்று, மதிப்புடன் செய்யும் தொழில் வேறு. 1903-ல் சென்னையில் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியும், 1923-ல் பெங்களூரில் தோன்றி 1955-ல் கர்னாலுக்குச் சென்ற பால்வள ஆராய்ச்சி நிலையமும் வளர்த்த கல்வி அது. மந்தை மந்தையாய் மாடுகளை மாய்த்த வெக்கை நோய் உலகினின்றே ஒழிந்ததென 2011-ல் அறிவிக்கப்பட்டதும் அத்தகைய கல்வியின் பயனேயன்றோ?

இனித் தம்மம் கூறுவதைப் பார்ப்போம். அங்குத்தர நிகாயத்தில், கோலியர் குலத்துத் தீகஜாணு என்னும் இல்லறத்தானுக்கு உபதேசிக்கும் பகவர், உழவு, வாணிகம் முதலியவற்றோடு ஆநிரை காத்தலையும் பிழைப்பு வகைகளுள் எண்ணுகிறார். அதே நிகாயத்தில் வேறோரிடத்தில் ஆயுதம், உயிர்கள், இறைச்சி, மது, நஞ்சு ஆகிய ஐந்தின் வாணிகம் உபாசகனுக்குத் தகாதென விலக்குகிறார். உயிர்களைக் காத்தல் தகும், விற்றல் தகாது. கேட்பதற்கு இது எளிது. ஆனால் இன்றைய தொழுவத்தில் இவ்விரண்டையும் பிரிக்கும் வேலி எங்கே உள்ளது?

பசு ஈன்றாலன்றிப் பாலில்லை. பிறக்கும் கன்றுகளில் ஏறக்குறையப் பாதி காளைக் கன்றுகள். ஏர் உழுத இடத்தை டிராக்டர் பிடித்துக்கொண்ட பின் அவற்றுக்கு வேலையில்லை. பெரும்பாலும் கிடேரிக் கன்றே பிறக்குமாறு பாலினம் பிரித்த விந்து இப்போது கிடைப்பினும், இடர் குறையுமேயன்றி முற்றும் ஒழியாது. பால் மறுத்த பசுவோ பின்னும் பல்லாண்டு வாழும். பண்ணைக் கணக்கு இவ்விரண்டையும் வீண் செலவென்று கொண்டு தரகரிடம் தள்ளுகிறது. “நாம் கொல்லவில்லை, விற்றோம்” என்பது விடையாகாது. எங்கே போகுமென்று அறிந்தே கயிற்றைக் கைமாற்றுகிறோம்.

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். பசு புனிதம் என்பதனால் நாம் இதைக் கூறவில்லை. அது உயிர் என்பதனாற் கூறுகிறோம். எருமைக்கும் ஆட்டுக்கும் இதே நியாயம்தான். பசுவின் பெயரால் மனிதரை வதைப்பது கருணையாகாது. 2016-ல் குஜராத்திலுள்ள ஊனாவில், செத்த மாட்டின் தோலை உரித்தமைக்காக நம் சகோதரர் அடிபட்டதையும், அக்குடும்பத்தார் 2018-ல் பௌத்தம் தழுவியதையும் நாம் மறவோம். வறுமையால் மாட்டை விற்றவனைப் பழிப்பதும் நம் வேலையன்று. நம் கையிலுள்ள கயிற்றைப் பற்றியே பேசுகிறோம்.

மஜ்ஜிம நிகாயத்து மகாகோபாலக சூத்திரம், மந்தையைப் பெருக்க இயலாத இடையனின் பதினொரு குறைகளைச் சொல்கிறது. புண்ணைக் கட்டாமை, துறையை அறியாமை, மேய்ச்சலை அறியாமை ஆகியவற்றோடு, மிச்சமின்றிக் கறத்தலும் அவற்றுள் ஒன்று. அவ்வுவமை, தானம் பெறுவதில் அளவறியாத பிக்குவைக் குறித்தது. எனினும் இடையனின் அறமும் அதனுள்ளேயே இருக்கிறது.

மிச்சம் என்பது இன்று கன்றுக்கு விடும் பால் மட்டுமன்று. கறந்த பாலின் வருவாயில் ஒரு பங்கை மாட்டின் முதுமைக்கென ஒதுக்குதலும் மிச்சமே. எத்தனை மாடு கறக்கலாம் என்று எண்ணுமுன், கறவாத எத்தனை மாட்டுக்குத் தீனி போட முடியும் என்று எண்ணவேண்டும். ஐந்துக்குத் தீனி உண்டெனில் இரண்டோ மூன்றோ கறக்கலாம். பிறர் பண்ணையில் ஊதியத்துக்கு அமர்பவர், கன்றும் கிழமாடும் என்னவாகின்றன என்று கேட்டபின் அமர்க. விடை ஒவ்வாததாயின், மருத்துவம், தடுப்பூசி, தீவன வளர்ப்பு, கூட்டுறவுப் பால் சேகரிப்பு எனக் கயிற்றைக் கைமாற்றாத பணிகள் பல உள.

இவ்வாறு வாழ்பவரின் வருவாய் அண்டை வீட்டாரின் வருவாயினும் குறையும். அதை நாம் மறைக்கவில்லை. ஆயின் மாடு வளர்த்தல் நல்லாஜீவமாகுமா? மிச்சம் வைக்கும் கைக்கு ஆகும். ஒட்டக் கறக்கும் கைக்கு ஆகாது.