ஏற்பாடு செய்திருக்கிறேன்

பொய் சொல்லாமலேயே ஒருவனை ஏமாற்ற முடியுமா? முடியும் என்பதை நான் ஒரு வீட்டுக்கு அச்சாரம் கொடுத்துக் கற்றுக்கொண்டேன்.

மதுரையில் தெற்கு மாசி வீதியை ஒட்டிய சந்து ஒன்றில் எனக்கு ஒரு பழைய வீடு இருந்தது. மாடிப்படி செங்குத்தானது. என் மனைவிக்கோ முழங்கால் வலி. திருநகரில் மாடியில்லாத வீடு ஒன்று விலைக்கு வந்திருப்பதாக 2016 செப்டம்பரில் தரகர் வந்து சொன்னார். போய்ப் பார்த்தோம். வாசலில் வேப்பமரம், கொல்லையில் கிணறு. அவள் கிணற்றடியில் போய் நின்ற நிலையைப் பார்த்ததுமே காரியம் முடிந்துவிட்டது என்று தெரிந்துகொண்டேன்.

வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். கோயம்புத்தூரில் இருக்கும் மகள் பக்கத்தில் போய்விட வேண்டும் என்பது அவர் எண்ணம். 48 லட்சத்துக்குப் பேசி முடித்தோம். காப்பி டம்ளரைக் கையில் கொடுத்துவிட்டு அவர் கேட்டார்: “பணத்துக்கு ஒன்றும் சிரமம் இல்லையே, சார்?”

“இல்லை சார், ஏற்பாடு செய்திருக்கிறேன்” என்றேன்.

அந்த ஏற்பாட்டின் லட்சணத்தைக் கேளுங்கள். என் பழைய வீட்டை 40 லட்சத்துக்கு எடுத்துக்கொள்கிறேன் என்று ஒரு ஜவுளி வியாபாரி வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தார். ஒரு ரூபாய் முன்பணம் தரவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த வார்த்தையை நம்பித்தான் மூன்று லட்சம் அச்சாரம் கொடுத்து, நான்கு மாதக் கெடுவில் ஒப்பந்தம் எழுதிப் பதிவும் செய்தேன்.

நவம்பர் 8-ஆம் தேதி இரவு, 500 ரூபாய் 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு வந்தது. என் வியாபாரி பாதிப் பணத்தை ரொக்கமாகத் தருவதாகத்தான் பேச்சு. (அதற்கு நான் ஏன் தலையாட்டினேன் என்று கேட்காதீர்கள். கேட்டால் இந்தக் கட்டுரை வேறு பக்கம் போய்விடும்.) மறுநாளிலிருந்து அவர் போனை எடுக்கவில்லை.

நண்பர்கள் சமாதானம் சொன்னார்கள். “ஊரில் எல்லாரும் செய்வதுதானே! முதலில் விற்றுவிட்டால் எங்கே குடியிருப்பது? விற்கும்வரை காத்திருந்தால் பிடித்த வீடு கை நழுவிப் போகும்.” இது உண்மைதான். வீடு மாற்றுகிறவன் ஆற்றில் ஒரு காலும் சேற்றில் ஒரு காலுமாகத்தான் கொஞ்ச நாள் நிற்க வேண்டியிருக்கிறது. கையில் இல்லாத பணத்துக்கு வாக்குக் கொடுத்ததைக்கூட நான் பெரிய குற்றமாக நினைக்கவில்லை. கையில் இருந்தால் வாக்கு எதற்கு? எடுத்துக் கொடுத்துவிடலாமே! வாக்கு என்பதே இன்னும் வராததைப் பற்றியது. பருவமழையை நம்பிக் கடன் வாங்கி விதைக்கிறவனை நாம் பொய்யன் என்று சொல்வதில்லை.

சட்டம் இந்த இடத்தில் என்னைவிடக் கூர்மையாகப் பார்க்கிறது. வாங்குகிறவன் கோர்ட்டுக்குப் போய், ‘ஒப்பந்தப்படி வீட்டை எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள்’ என்று கேட்டால், தான் தயாராகவும் விருப்பமாகவும் இருந்ததை அவன் நிரூபிக்க வேண்டும் என்கிறது, 1963-ஆம் வருஷத்து ஸ்பெசிபிக் ரிலீஃப் சட்டத்தின் 16-ஆவது பிரிவு. தயார் என்பது பணவசதி. விருப்பம் என்பது மனசு. இரண்டும் வேறு வேறு. எனக்கு விருப்பம் மலையளவு இருந்தது. தயார் என்பது ஒரு ஜவுளிக் கடையின் கல்லாப் பெட்டியில் இருந்தது.

எங்கள் மதுரை வீடு ஒன்றைப் பற்றியே சுப்ரீம் கோர்ட் 1997-இல் ஒரு தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. 1978 டிசம்பரில் 60,000 ரூபாய்க்கு ஒப்பந்தம், அச்சாரம் 5,000, கெடு ஆறு மாதம். வாங்குகிறவர் இரண்டரை வருஷம் சும்மா இருந்துவிட்டுப் பிறகு வீட்டைக் கேட்டார். அதற்குள் விலை மூன்று மடங்காகிவிட்டது. கொடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அதைப் படித்தபோது எனக்குத் தலைமையாசிரியர் நினைவுதான் வந்தது. அச்சாரம் வாங்கியவருடைய வீடு அங்கேயே நிற்கிறது. அவருடைய வாழ்க்கையும் நிற்குமா?

அவருடையது நிற்கவில்லை. என் வார்த்தையை நம்பி அவர் கோயம்புத்தூரில் ஒரு சின்ன ஃபிளாட்டுக்கு ஒரு லட்சம் அச்சாரம் கொடுத்திருந்தார். வியாபாரி சொன்ன வார்த்தையின் மேல் என் வார்த்தை. அதன் மேல் அவர் வார்த்தை. அடியில் இருப்பது மணல் என்பது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. “என் வீடு விற்றால்தான் உங்களுக்குப் பணம், சார்” என்று அன்று காப்பி குடிக்கும்போதே சொல்லியிருந்தால் அவர் கோயம்புத்தூரில் கொஞ்சம் பொறுத்திருப்பார். ‘ஏற்பாடு’ என்ற சொல்லைச் சொல்லி என் அபாயத்தில் அவரையும், அவர் அறியாமலே, பங்காளியாக்கிவிட்டேன். என் நாவலில் ஒருவன் இப்படிச் செய்தால் அவனை நான் லேசில் விடமாட்டேன்.

ஜனவரியில் போய் நின்றேன். “நாடே தவிக்கிறது. நீங்கள் என்ன செய்வீர்கள்?” என்று சொல்லி இன்னும் இரண்டு மாதம் கொடுத்தார். கோயம்புத்தூர் விஷயத்தை மூச்சுவிடவில்லை.

இத்தோடு நின்றிருந்தால், உண்மையை முன்னாலேயே சொல்லியிருக்கலாம் என்ற வருத்தத்தோடு போயிருக்கும். பிப்ரவரியில் என் பழைய வீட்டைப் பார்க்க இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் இளைஞர். வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, 38 லட்சம் தருவதாகச் சொன்னார். பிறகு, நான் கேட்காமலே, “ஊரில் எங்கள் நிலம் விற்றால்தான் முழுப் பணமும் வரும், சார். அதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். கெடுவுக்குள் விற்காவிட்டால் உங்கள் வீட்டை வேறு யாருக்கும் கொடுத்துவிடலாம்” என்றார்.

நான் சொல்லத் தவறிய வார்த்தைகள் அத்தனையும் அவர் வாயிலிருந்து வந்தன. நான் என்ன செய்தேன் தெரியுமா? “யோசித்துச் சொல்கிறேன், தம்பி” என்று அனுப்பிவிட்டு, வங்கிக் கடன் அனுமதியான கடிதத்தோடு வந்த இன்னொருவருக்கு 34 லட்சத்துக்கு எழுதிக் கொடுத்தேன்.

வேறு வழி இருந்ததா? மார்ச் மாதத்துக்குள் தலைமையாசிரியருக்குப் பணம் சேர்க்க வேண்டும். ஒருவருக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற இன்னொருவரின் நேர்மையை வாசலோடு திருப்பி அனுப்பினேன். ஆனால் அந்த இளைஞர் படியிறங்கிப் போனபோது எனக்கு இன்னொன்றும் புரிந்தது. திருநகரில் நான் உண்மையைச் சொல்லியிருந்தால் என்னையும் இப்படித்தான் அனுப்பியிருப்பார்கள். அது அன்றைக்கே என் அடிமனசுக்குத் தெரியும். அதனால்தான் சொல்லவில்லை.

மீதிக்குக் கடன் வாங்கி மார்ச்சில் பத்திரம் முடித்தேன். ரிஜிஸ்தர் ஆபீஸ் திண்ணையில் தலைமையாசிரியர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “வாக்கைக் காப்பாற்றிவிட்டீர்கள், சார்” என்றார். நானும் கேட்டுக்கொண்டேன். கோயம்புத்தூரில் அந்த ஒரு லட்சம் திரும்பவில்லை என்பதை அவர் மனைவிதான் பிற்பாடு என் மனைவியிடம் சொன்னாள். பாதியையாவது வாங்கிக்கொள்ளுங்கள் என்று எழுதினேன். “அது என் கணக்கு” என்று ஒரு வரி பதில் வந்தது.

அந்த இளைஞர் மதுரையில்தான் இருக்கிறார். எப்போதாவது கடைவீதியில் எதிர்ப்பட்டால், முதலில் அவர்தான் வணக்கம் சொல்கிறார்.