சாப்பிடறதுல்ல, அப்புறம் என்ன?

டல்லாஸில் மகள் வீட்டில் இரண்டு மாதம் இருந்தபோது பக்கத்து வீட்டுப் பையன் சிநேகமானான். பன்னிரண்டு வயசு. பிறந்த நாளுக்குக் கிடைத்த காசில் ஒரு மலைப்பாம்புக் குட்டி வாங்கியிருந்தான். பயப்படாதீர்கள். 'பால் பைத்தான்' என்கிற சாது ஜாதி. (குடிக்கிற பால் இல்லை, பந்து. பயந்தால் தலையை உள்ளே வைத்து உடம்பைப் பந்தாகச் சுருட்டிக்கொள்ளும்.) மேற்கு ஆப்பிரிக்காவில் கானா, டோகோ, பெனின் பக்கத்துப் பிராணி. விஷம் கிடையாது. முட்டையிலிருந்து வரும்போது ஓரடி இருக்கும், முழுசாக வளர்ந்தால் மூன்று, நான்கு அடி. ஐந்தடி அபூர்வம்.

பையன் தாராள மனசுக்காரன். அந்த ஓரடிக் குட்டிக்கு நாலடி நீளக் கண்ணாடிப் பெட்டி வாங்கிக் கொடுத்தான். தரையில் மரத்தூள், ஒரு மூலையில் தண்ணீர்க் கிண்ணம், மற்றதெல்லாம் வெட்டவெளி. வாராவாரம் ஒரு சுண்டெலி வைத்தான். ஐந்து வாரம் குட்டி அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மூலையில் பந்தாகவே கிடந்தது. கடைக்காரர் சொன்னபடி, செருப்புப் பெட்டி அளவு பிளாஸ்டிக் டப்பாவில் காற்றுக்கு ஓட்டை போட்டு அதில் மாற்றினான். மூன்றாம் நாள் எலி காலி.

"பாத்தீங்களா, இதுக்கெல்லாம் இடமே வேண்டாம்" என்றார் அவன் அப்பா. என் மனைவியும் அதே கட்சி. "சாப்பிடறதுல்ல, அப்புறம் என்ன?"

அந்த 'அப்புறம் என்ன' எனக்குத் தொண்டையில் முள்ளாக நின்றது. நாம் எல்லோருமே அப்படித்தான், யோசித்துப் பாருங்கள். ஹாஸ்டலில் இருக்கும் பிள்ளைக்குப் போன் போட்டால் முதல் கேள்வி "சாப்பிட்டியா?" ஆமாம் என்று பதில் வந்தால் நமக்குத் தூக்கம் வந்துவிடும். அவன் அங்கே யாரோடும் பேசுகிறானா, ராத்திரி அழுகிறானா என்பதெல்லாம் அடுத்த போனுக்கு.

அமெரிக்காவில் பாம்புகளை இனப்பெருக்கம் செய்து விற்பவர்கள் பலர் 'ராக்' வைத்திருக்கிறார்கள். பீரோ இழுப்பறை மாதிரி அடுக்கடுக்காக பிளாஸ்டிக் டப்பாக்கள், பின்னால் சூடு தரும் பட்டை, டப்பாவுக்கு ஒரு பாம்பு. அவர்களைக் கொடியவர்கள் என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிட முடியாது. அவர்கள் சொல்வது இது: காட்டில் இது கரையான் புற்றிலும் எலி வளையிலும் பதுங்குகிற ஜீவன். உடம்பு நாலு பக்கமும் எதையாவது தொட்டுக்கொண்டிருந்தால்தான் அதற்குத் தைரியம். டப்பாவில் சாப்பிடுகிறது, ஒழுங்காகத் தோல் உரிக்கிறது, முட்டையும் போடுகிறது. வேறென்ன அத்தாட்சி வேண்டும்?

பதுங்குகிற ஜீவன் என்பது உண்மை. ஆனால் புற்றுக்கு வாசல் உண்டு, டப்பாவுக்குக் கிடையாது. ராத்திரியானால் காட்டுப் பாம்பு வெளியே வரும். தென்கிழக்கு நைஜீரியக் காடுகளில் செய்து 1998-ல் வெளியான ஆய்வில், இந்த ஜாதியின் சின்னப் பாம்புகள் பெரும்பாலும் பறவைகளைத் தின்று வாழ்வது தெரிந்தது. ஆண்கள் மரமும் ஏறுகின்றனவாம். ஆறு அங்குல உயர டப்பாவில் எங்கே ஏறுவது? 2019-ல் க்ளிஃபோர்ட் வார்விக்கும் சகாக்களும், பாம்பு தன் முழு நீளத்துக்கு நேராக நீட்டிப் படுக்க இடம் வேண்டும் என்று ஒரு விஞ்ஞான இதழில் வாதாடினார்கள். ஜெர்மனியில் 1997-லேயே ஒரு வல்லுநர் அறிக்கை, பெட்டியின் குறைந்தபட்ச அளவைப் பாம்பின் நீளத்தை வைத்தே கணக்கிட்டது.

டப்பாவில் குட்டி எலியை விழுங்கியது ஒன்றைத்தான் நிரூபிக்கிறது: அங்கே அதற்குப் பயமில்லை. வேறு எதுவுமே வேண்டாம் என்று அது கையெழுத்துப் போட்டுக் கொடுக்கவில்லை. பசியைச் சம்மதமாக எடுத்துக்கொள்வது நம் வசதி. ஒரு சோதனை சொல்கிறேன். அந்தச் செருப்புப் பெட்டி பத்தாயிரம் டாலர், பெரிய பெட்டி இலவசம் என்றிருந்தால், ஐந்து வாரப் பட்டினியைப் பார்த்து அந்த அப்பா "இதுக்கு இடமே வேண்டாம்" என்று சொல்லியிருப்பாரா? "வேற ஏதோ காரணம் இருக்கும், பாக்கலாம்" என்றிருப்பார். செலவு குறைவான முடிவுக்குச் சாதகமாக வரும் சாட்சியை நாம் குறுக்கு விசாரணை செய்வதில்லை.

காரணம் வேறு இருக்கத்தான் செய்தது. குட்டியைப் பயமுறுத்தியது பெட்டியின் நீளம் இல்லை, அதன் வெறுமை. ஒளிய இடமில்லாத நாலடி அதற்குப் பொட்டல் காடு. சாப்பிடாமல் மெலிகிற குட்டியைக் கொஞ்ச நாள் சின்ன டப்பாவில் வைப்பதை நான் தப்பு சொல்லவில்லை. குறைமாசக் குழந்தையை இன்குபேட்டரில் வைக்கிறோம். அதற்காக ஸ்கூல் போகும் வயசு வரை அங்கேயேவா வைத்திருப்போம்? ஆனால் குட்டிக்கென்று வாங்கிய டப்பா அப்படியே தங்கிவிடுகிறது. பாம்பு வளர்வது தினமும் பார்க்கிற கண்ணுக்குத் தெரியாது.

கணக்கும் சின்னதில்லை. செயின்ட் லூயிஸ் மிருகக்காட்சிசாலைக்கு 1961-ல் வந்த ஒரு பால் பைத்தான், 2020-ல் குறைந்தது 62 வயசில், பல வருஷமாக ஆண் துணையே இல்லாமல் முட்டையிட்டது. அது விதிவிலக்கு. ஆனாலும் இருபது, முப்பது வருஷம் என்பது சாதாரணம். பையன் கல்யாணமாகிப் போன பிறகும் பாம்பு இருக்கும்.

(பாம்பை வீட்டில் வைப்பதே தப்பு என்கிறவர்கள் கடிதம் எழுத வேண்டாம், எனக்கும் பாதி மனசு அந்தப் பக்கம்தான். ஆசைப்படுகிறவர்களுக்கு: நம்மூர் மலைப்பாம்பை வளர்ப்பது குற்றம், ஜெயில் உண்டு. இந்த வெளிநாட்டு ஜாதிக்கும் 2022 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு அரசாங்கத்தில் பதிவு வேண்டும்.)

நாங்கள் இரண்டு பேரும் ஒரு சனிக்கிழமை உட்கார்ந்தோம். பழைய பெட்டிக்குள் சருகு, டிஷ்யூ பேப்பர் சுற்றி வரும் அட்டைக் குழாய்கள், மரப்பட்டைத் துண்டுகள், சூடான பக்கம் ஒரு பொந்து, குளிர்ச்சியான பக்கம் ஒரு பொந்து, குறுக்கே ஒரு கிளை. மூன்று பக்கக் கண்ணாடிக்குக் கறுப்புக் காகிதம். குட்டியை உள்ளே விட்டதும் ஓர் அட்டைக் குழாய்க்குள் புகுந்தது. ஊருக்குக் கிளம்பும் வரை அதன் வாலைக்கூட நான் மறுபடி பார்க்கவில்லை.

நாலு மாதம் கழித்து மகள் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினாள். ராத்திரி ரெண்டு மணிக்குப் பையன் எடுத்ததாம். குட்டி இப்போது இரண்டடி. கிளைமேல் ஏறி, பந்தாகவும் இல்லாமல் வளையமாகவும் இல்லாமல், கயிறு காயப்போட்ட மாதிரி நீளமாகப் படுத்திருந்தது.

மனைவி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள்.

"ஏங்க, சாப்பிட்டுதாமா?"