வாய்க்கரிசி

எகிப்திய மன்னன் துத்தன்காமுன் கல்லறையின் வடக்குச் சுவரில் ஓர் ஓவியம். அடுத்து அரசனான ஆய், சிறுத்தைத் தோல் போர்த்திக்கொண்டு, இறந்தவனின் வாயருகே ஒரு கருவியை நீட்டுகிறான். வாய் திறக்கும் சடங்கு. திறந்தால்தான் மறுமையில் உண்ணலாம், பேசலாம். லக்சர் சுற்றுலா போய்வந்த அக்கா மகன் இதைப் போனில் காட்டியபோது, கடம்பூர்க்காரி எனக்கு ஆச்சரியமே வரவில்லை. அத்தைக்கு வாய்க்கரிசி போட்ட கை இது.

எங்கள் தூத்துக்குடி மாவட்டத்திலேயே, தாமிரபரணிக் கரையில் ஆதிச்சநல்லூர் இருக்கிறது. 1899 முதல் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரியா தோண்டியபோது முதுமக்கள் தாழிகளோடு இரும்புக் கருவிகள், வெண்கலப் பாத்திரங்கள், பொன் நெற்றிப்பட்டங்கள் வந்தன. நெல் உமியும் கிடைத்தது. செத்தவர் சாப்பிடுவார் என்று நம்பித்தான் வைத்தார்களா?

எகிப்தியர் நம்பினார்கள், எழுதியும் வைத்தார்கள். ஆதிச்சநல்லூரார் காரணம் எழுதவில்லை. என்னைக் கேட்டால், நான் நம்பாமல்தான் போட்டேன். சர்க்கரை வியாதி என்று அத்தையிடமிருந்து போளியை ஒளித்துவைத்த வீடு எங்களுடையது; கடைசியில் கஞ்சிகூட அவருக்கு இறங்கவில்லை. அரிசியை அள்ளும்போது மறுமையா ஞாபகம் வரும்? பசியோடு அனுப்பக் கூடாது, அவ்வளவுதான். நம்பிக்கை பின்னால் வந்து சடங்குக்கு விளக்கம் சொல்லியிருக்கும் என்பது என் சந்தேகம்.

ஆய்க்கு வேறு கணக்கும் இருந்திருக்கும். சடங்கைச் செய்பவனே வாரிசு. கொள்ளி யார் வைப்பது என்று நம் பங்காளிகள் மல்லுக்கட்டுவதும் மறுமைக்காக அல்லவே.