ஊர்த் தலைமை ஓர் அமானிதம்



ஊருக்குத் தலைவராக ஆசைப்படுவோர் பலர். ஊரின் பாரத்தைச் சுமக்க முன்வருவோர் சிலர். ஜமாஅத் தலைவராகட்டும், முத்தவல்லியாகட்டும், ஊராட்சித் தலைவராகட்டும், பதவி என்பது மாலைக்கும் முதல் வரிசை நாற்காலிக்கும் உரியதென்று எண்ணிவிட்டால் அந்த ஊர் முன்னேறாது. தம் பொறுப்பில் விடப்பட்டவர்களைப் பற்றி ஒவ்வொருவரும் விசாரிக்கப்படுவர் என்று நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள்.

நல்ல தலைவர் எப்படி இருப்பார்? ஜும்ஆ நாளில் நாம் ஓதி வரும் 'கஹ்ஃபு' சூராவிலேயே இதற்கு விடை இருக்கிறது. மன்னர் துல்கர்னைன் இரு மலைகளுக்கிடையே ஒரு சமூகத்தாரைச் சந்தித்தார். பேச்சைச் சரியாக விளங்கிக் கொள்ளவும் இயலாத எளிய மக்கள் அவர்கள். யஃஜூஜ், மஃஜூஜ் கூட்டத்தாரின் அட்டூழியத்தைத் தடுக்க ஓர் அரண் எழுப்பித் தந்தால் அதற்குப் பொருள் தருவதாகச் சொன்னார்கள்.

அவர் செய்ததைக் கவனியுங்கள். முதலாவதாக, பேசத் தெரியாதவர்களின் குறையையும் காதுகொடுத்துக் கேட்டார். நம் ஊரிலும் மனு எழுதத் தெரியாத விதவைத் தாய்மார்களும், கூட்டத்தில் வாய் திறக்கக் கூசும் கூலித் தொழிலாளிகளும் இருக்கிறார்கள். தெருக்குழாயில் தண்ணீர் வரவில்லையென்றால் முதலில் தவிப்பவர்கள் அவர்களே.

இரண்டாவதாக, அவர் பொருளை ஏற்கவில்லை. இறைவன் தமக்கு அளித்திருப்பதே மேலானது என்றார். சாலை போடும் பணத்தில் பங்கு கேட்பவர் இதைச் சிந்திக்கட்டும்.

மூன்றாவதாக, உங்கள் உழைப்பைத் தாருங்கள் என்று அம்மக்களிடமே கேட்டார். இரும்புப் பாளங்களைக் கொண்டுவரச் செய்து, நெருப்பு மூட்டி, உருக்கிய செம்பை ஊற்றி அரணை முடித்தார். நம் முன்னோர் வீட்டுக்கு ஓர் ஆளாகத் திரண்டு கண்மாயைத் தூர்வாரிய குடிமராமத்தும் இவ்வழியே அல்லவா?

நான்காவதாக, வேலை முடிந்ததும் அவர் தம் புகழைப் பேசவில்லை. இது என் இறைவனின் அருள் என்று கூறினார். நாமோ ஒரு கைப்பம்பு போட்டாலும் கல்வெட்டில் யார் பெயர் முதலில் வருவது என்று சண்டையிடுகிறோம்!

தலைவரை மட்டும் குறை சொல்லி நாம் தப்பிக்க முடியாது. தமிழ்நாட்டில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களிலும், மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாட்களிலும் கிராம சபை கூடுகிறது. ஊராட்சியின் வரவு செலவு அங்கே மக்கள் முன் வைக்கப்படுகிறது. அங்கே போய்க் கேட்காமல் தேநீர்க் கடையில் அமர்ந்து தலைவரைப் பழிப்பது புறமாகுமேயன்றிச் சீர்திருத்தம் ஆகாது. கலந்தாலோசித்துக் காரியம் செய்வதை இறைமறை மூமின்களின் பண்பாகவே கூறுகிறது. ஆண்களும் பெண்களும் சென்று, கண்ணியமாகக் கேளுங்கள்; வேலைக்கும் தோள் கொடுங்கள். ஊருணித் தண்ணீர் எல்லாச் சமூகத்தாருக்கும் பொது. அதைக் காப்பதும் நம் எல்லோர் மீதும் கடமை.

அமானிதம் பேணும் தலைவர்களையும், அவர்களுக்குத் துணை நிற்கும் மக்களையும் நம் ஊர்களுக்கு வல்ல நாயன் தந்தருள்வானாக! ஆமீன்.