கடற்பந்தயமும் மனிதக் கடமையும்

பந்தயம் என்பது யாது? ஒருவன் முந்துவதும் மற்றவன் பிந்துவதுமே அதன் இலக்கணம் என்று எண்ணுகிறோம். பள்ளிப் பரீட்சையிலும் வியாபாரத்திலும் உத்தியோகத்திலும் இவ்வெண்ணமே நம்மை நடத்துகின்றது. முந்துகிறவன் பிறனொருவனுக்காக நிற்பானாகில் அவன் பந்தயத்தைக் கைவிட்டவன் ஆவானா? இக்கேள்விக்குக் கடல் ஒரு விடை வைத்திருக்கின்றது. அவ்விடையில் நமது சிங்கப்பூருக்கும் பங்குண்டு.

1988ஆம் ஆண்டு செப்டம்பர் 24ஆம் தேதி, தென்கொரியாவின் பூசான் நகருக்கு அப்பால் ஒலிம்பிக் பாய்ப்படகுப் பந்தயங்கள் நடைபெற்றன. ஜோசப் சான், சியூ ஷா ஹெர் என்னும் சிங்கப்பூர் வீரர் இருவர் ஒரு படகில் சென்றனர். அது 470 என்னும் வகுப்பு, நீளம் 4.7 மீட்டரே. ஒருவர் சுக்கானைப் பிடிக்க, மற்றவர் பாய்மரத்தினின்று வரும் கம்பியில் தொங்கி, வெளியே சாய்ந்து, தம் உடற்பாரத்தால் படகைக் கவிழாமற் காக்க வேண்டும். ஒருவர் தளர்ந்தால் இருவரும் நீரில் வீழ்வர். நம் தீவைச் சூழ்ந்த கடலோ பெரும்பாலும் அடங்கிய கடல். திடீரென்று அடித்து ஓயும் சுமத்ராக் காற்றே நாமறிந்த சீற்றம். அன்றைய கொரியக் கடலில் காற்றின் வேகம் மணிக்கு 35 கடல் மைலை எட்டிற்று. படகு கவிழ்ந்தது. ஒருவர் கவிழ்ந்த படகைப் பற்றிக்கொண்டிருந்தார். மற்றவரை நீர் இழுத்துச் சென்றது.

அருகே வேறொரு பந்தயம் நடந்துகொண்டிருந்தது. தனியொருவர் செலுத்தும் ஃபின் வகுப்புப் படகில், கனடா நாட்டு லாரன்ஸ் லெமியூ இரண்டாம் இடத்தில் விரைந்துகொண்டிருந்தார். தத்தளிப்போரைக் கண்டார், பாதையை விட்டுத் திரும்பினார். ஒருவருக்கென்று கட்டிய சிறு படகில் இருவரையும் ஏற்றினார். கொரியக் கடற்படைப் படகு வந்து அவர்களை ஏற்கும் வரையில் காத்திருந்தார். பிறகே பந்தயத்தைத் தொடர்ந்தார்; அதற்குள் பலர் அவரைக் கடந்துவிட்டனர்.

நடுவர்கள் அவர் விட்டுச்சென்ற இரண்டாம் இடத்தை அவருக்கே அளித்தனர். எனினும் பந்தய வரிசை முழுவதும் முடிந்தபோது அவர் பெற்றது 11ஆம் இடமே. பதக்கம் வெல்லாத அவருக்கு, கூபெர்த்தான் பெயரால் வழங்கும் சிறப்புப் பதக்கத்தை ஒலிம்பிக் சங்கத் தலைவர் அளித்தார்.

‘இழந்த இடம் திரும்பக் கிடைத்ததே, பின்னர் இதில் தியாகம் எங்கே?’ என்று சிலர் வினவக்கூடும். சுக்கானைத் திருப்பிய அந்தக் கணத்தில் அவர் கண்முன் நின்றவை உயிர்களேயன்றி நடுவர்களின் தீர்ப்பன்று. அன்றியும், அத்தீர்ப்பு நற்செயலுக்குக் கொடுத்த கூலியன்று. நற்செயல் ஒருவனுக்குத் தண்டனையாகிவிடலாகாது என்னும் நீதியாகும். பாய்ப்படகுப் பந்தய விதிகளில் முதலாவது யாதெனில், ஆபத்திலிருக்கும் எவருக்கும் இயன்ற உதவி அனைத்தும் செய்ய வேண்டும் என்பதே. முந்தும் முறைகளெல்லாம் அதற்குப் பின்னரே வருகின்றன. ஆகவே நின்றவன் பந்தயத்தைக் கைவிட்டவனல்லன்; அதன் அஸ்திவாரத்தைக் காத்தவன்.

ஆயினும் இதனினும் கடினமான கேள்வி ஒன்றுண்டு. லெமியூ பணயம் வைத்தது தம் உயிர் ஒன்றையே. பத்துப் பேர் செல்லும் பெரிய படகின் தலைவர் யாது செய்வது? அங்கே முறைவைத்து உறங்குவர். ஈர உடையோடே படுப்பர். கொந்தளிப்பில் தளத்தில் ஏறுகிறவர் தம்மைக் கயிற்றால் படகோடு பிணைத்துக்கொள்வார். ஒருவர் பாயைச் சுருக்க, ஒருவர் நீரை இறைக்க, ஒருவர் குமட்டலோடு உணவு காய்ச்சுவார். அனைவர் உயிரும் ஒருவர் சொல்லில் நிற்கும்.

1998ஆம் ஆண்டு சிட்னியிலிருந்து ஹோபர்ட் நகருக்குப் புறப்பட்ட 115 படகுகளில் 44 மட்டுமே கரை சேர்ந்தன. 6 மாலுமிகள் மாண்டனர். அப்புயலில் எழுந்த அபாய விளக்கொளியைக் கண்டும் ஒரு படகு நிற்காமற் சென்றது. இயந்திரம் பழுது, திரும்பினால் தம் மாலுமிகளுக்கே ஆபத்து என்றார் அதன் தலைவர். அவரைக் கரையிலிருந்து கொண்டு நாம் எளிதிற் பழிக்கலாகாது. விதியும் ‘இயன்ற உதவி’ என்றே கூறுகின்றது. எனினும் அச்சொல்லில்தான் மனிதனின் சோதனை இருக்கின்றது. ‘இயலாது’ என்று அச்சமும் சொல்லும், ஆசையும் சொல்லும், அறிவும் சொல்லும். மூன்றின் குரலும் ஒன்றுபோலவே ஒலிக்கும். எது பேசுகின்றதென்று அறிய, ‘பந்தயமே இல்லாதிருந்தால் நான் திரும்பியிருப்பேனா?’ என்று தன்னைத்தானே கேட்பதே வழி. திரும்ப இயலாதவனும் செய்தி அனுப்பலாம். இடத்தைக் குறித்துச் சொல்லலாம். ஒன்றுமே இயலாது என்பது அரிதினும் அரிது.

தோழர்களே! நம்முள் பலர் ரஜூலா கப்பலில் கடல் கடந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள். ரப்பர் தோட்டத்தில் மழை கறுத்து வரும்போது, பாலெடுக்க ஒவ்வொருவரும் தத்தம் நிரையில் ஓடுவர். பக்கத்து நிரையில் ஒருவரைப் பாம்பு தீண்டிற்றென்றால் பால் வாளியைக் கீழே வைத்துவிட்டு ஓடிய பெண்களை நம் முன்னோர் கண்டிருக்கின்றனர். அவ்வாறு ஓடியவளுக்கு அன்றைய கூலி குறைந்ததா என்பதே அத்தோட்டத்தின் நீதியை அளக்கும் கோல். இன்று சிராங்கூன் சாலைக் கடையிலும், தோட்டத்திலும், அலுவலகத்திலும், பள்ளியிலும் அக்கோலே செல்லும். நின்று உதவுகிறவரை மட்டும் புகழ்ந்துவிட்டு, அவர் இழந்ததை அவர் தலையிலேயே சுமத்தும் சமூகம் பாதி நீதியே உடையது. உதவத் திரும்புவது தனிமனிதனின் கடமை. திரும்பியவன் நஷ்டமடையாமற் காப்பது மற்றவர் அனைவரின் கடமை.