ஒருசந்தி

கத்தோலிக்கத் தமிழர்கள் உபவாசத்துக்கு ஒருசந்தி என்றும், மாமிசம் விலக்கி உண்பதற்குச் சுத்தபோசனம் என்றும் பெயர் வழங்கி வந்திருக்கிறார்கள். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் எங்கள் இடைசெவலின் பெருமாள் பக்தர்கள் அநுஷ்டிப்பதும் ஒருசந்திதான் என்பதால், சிறு வயதில் இரண்டுக்கும் பேதம் உண்டென்றே எனக்குத் தோன்றியதில்லை. 1606-ல் மதுரைக்கு வந்து, புலால் நீக்கி, நாளுக்கு ஒருவேளை மட்டும் உண்டு சந்நியாசியாய் வாழ்ந்த தத்துவபோதகர் ராபர்ட் தெ நொபிலியும், அவர் வழியிலே பின்னாளில் காமநாயக்கன்பட்டியில் பணியாற்றிய வீரமாமுனிவரும் இதற்காக வியப்படைந்திருக்க மாட்டார்கள்.

அந்தக் காமநாயக்கன்பட்டியில் பிறந்து இடைசெவலுக்கு வாழ்க்கைப்பட்ட என் பாட்டி, தபசுகாலத்து வெள்ளிக்கிழமைகளில் மத்தியானக் கஞ்சியை விட்டுவிடுவாள். விட்டதோடு நிற்கமாட்டாள். அந்த வேளைக்குத் தனக்கு ஆகக்கூடிய கம்பை உழக்கில் தலை தட்டாமல் கோபுரமாய் அளந்து, உரலுக்கு அனுப்பாமல் மூலையிலிருந்த தனிக் கலயத்தில் போட்டு, வாயைத் துணியால் வேடு கட்டிவைப்பாள்.

“பசிக்கலையா பாட்டி?”

“பசிக்கத்தானய்யா செய்யுது. பசிக்காட்டா அதுக்குப் பேரு ஒருசந்தியா?”

பெரிய வெள்ளியன்று விடியுமுன் அந்தக் கலயம், குதிர் இல்லாத ஒரு வீட்டுக்குப் போய்விடும். உபவாசிப்பவன், அது பிறர் கண்ணில் படாதிருக்க, தலைக்கு எண்ணெய் தடவி முகம் கழுவிக்கொள்ள வேண்டுமென்று மலைப்பிரசங்கம் சொல்வதை, எழுத்தறியாத அவள் இப்படித்தான் புரிந்துகொண்டிருந்தாள் போலும்.

தபசுகாலம் ஐரோப்பாவில் குளிர் விலகாத, களஞ்சியம் வற்றுகிற பருவம்; கரிசலிலோ, ஐப்பசி மழையை நம்பி விதைத்த கம்பும் சோளமும் வீடு வந்து சேர்ந்து, பருத்தி வெடித்துக்கொண்டிருக்கிற மாசியும் பங்குனியும். மழை பொய்த்த வருஷத்து ஆடியிலே பானை காலியாகிக் கிடக்கிற பட்டினியை எங்கள் ஊரில் எவரும் விரதமென்று சொல்லத் துணிந்ததில்லை. பானையிலே தானியம் இருக்கையில் உண்ணாதிருப்பதே உபவாசம் என்பது என் துணிபு. அதுவும், உண்ணாத அந்த உணவு பசித்தவனிடம் போய்ச் சேராவிட்டால், ஏசாயா ஆகமத்தின் 58-ம் அதிகாரத்தை வைத்துப் பார்க்கும்போது, வெறும் சிக்கனமே.

1966-ல் பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் சட்டத்தைத் தளர்த்தியபின், கட்டாய ஒருசந்தி விபூதிப் புதன், பெரிய வெள்ளி என்று இரண்டு நாளாய்ச் சுருங்கிற்று. அதைக் குறைசொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. அந்த இரண்டு நாளையும் நான் தவறாமல் அநுஷ்டிக்கிறேன். மிச்சமான சோறு எங்கே போயிற்று என்று பாட்டி கேட்டால் மட்டும் என்னிடம் பதில் கிடையாது.